மனச்சிதைவின் தொடக்கநிலை அகவய அறிகுறிகள்: இயல்பும் தமிழில் அவற்றை வினவுதலும்

ஆய்வுச் சுருக்கம்

மனச்சிதைவு நோய், மாயக்குரலும் ஐயுறவும் வெளிப்படும் நாளில் தொடங்குவதன்று. அதற்குப் பல மாதங்களோ ஆண்டுகளோ முன்னரே சிந்தனை, கவனம், மொழி, புலனுணர்வு ஆகியவற்றில் நுண்ணிய மாற்றங்களை நோயுறப்போகிறவர் தம் அகத்தே உணர்கிறார். பிறர் கண்ணுக்குப் புலப்படாத இம்மாற்றங்களை ஜெர்மானிய மனநல மருத்துவ மரபு ‘அடிப்படை அறிகுறிகள்’ என வகைப்படுத்தியது. அவற்றின் இயல்பை இக்கட்டுரை விளக்குகிறது. சொல்லப்பட்டாலன்றி அறியப்படாதவை இவை. ஆகவே தமிழில் இவற்றை வினவும்போது எழும் மொழிசார் இடர்ப்பாடுகளையும், இவற்றைக் கொண்டு நோயை முன்னறிவதற்குள்ள வரம்புகளையும் கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மனச்சிதைவு, அடிப்படை அறிகுறிகள், அகவய அனுபவம், முன்னறிகுறிக் காலம், கவனச் சிதறல், ‘போல’.

முன்னுரை

மனச்சிதைவு நோயாளிக்குத் தம் நோய் தெரியாது என்பது மக்களிடையே மட்டுமன்றி மருத்துவக் கல்வியிலும் வேரூன்றிய கருத்து. நோய் முற்றிய நிலையில் இது பெரும்பாலும் உண்மை. தம்மைப் பிறர் வேவு பார்க்கின்றனர் என உறுதியாக நம்பும் ஒருவர் அதனை நோய் என ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அந்த உறுதி பிறப்பதற்கு முன் ஒரு காலம் உண்டு. அக்காலத்தில் அவரே முதலில் அறிகிறார். பல வேளைகளில் அவர் மட்டுமே அறிகிறார். ‘எனக்குள் ஏதோ மாறுகிறது, முன்பு நான் இப்படி இல்லை’ என்ற அவரது அறிவு முழுத் தெளிவுடையது. அதைச் சொல்ல மொழி கிடைப்பதில்லை. சொன்னாலும், கேட்பவர் அதைச் சோம்பல், காதல் தோல்வி, தேர்வு அச்சம் என்று பெயரிட்டு அனுப்பிவிடுகிறார்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 2.4 கோடிப் பேர், அதாவது 300 பேருக்கு ஒருவர், இந்நோயுடன் வாழ்கின்றனர். பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் இது மிகுதியாகத் தொடங்குகிறது. அவ்வயதினர் பலர் இருக்குமிடம் கல்லூரி. நோய் பிறப்பதற்கு முந்தைய அந்தக் காலத்தை மருத்துவரைவிட ஆசிரியரே அருகிலிருந்து காண்கிறார். இப்பொருளை ஆய்வாளர், விரிவுரையாளர் முன் வைப்பதற்கு அதுவே காரணம்.

கருத்து உருவான வரலாறு

எமில் கிரேப்பெலின் இந்நோயை இளமையில் தோன்றி அறிவை அழிக்கும் நோயாகக் கண்டார். 1908இல் ஆய்கன் புளூலர் அதற்கு ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்னும் பெயரிட்டார். இருவரும் நோயாளியை வெளியிலிருந்து கண்டு எழுதியவர்கள். நோயாளியின் அக அனுபவத்தை அவர் சொல்லும் முறையிலேயே விரித்துரைக்க வேண்டும் என்ற நெறியைக் கார்ல் யாஸ்பெர்ஸ் 1913இல் வெளியான தம் பொது உளநோயியல் நூலில் நிறுவினார். மருட்சி, அதாவது அசைக்கவியலாத பொய்நம்பிக்கை, தோன்றுவதற்கு முன் உலகம் இனம்புரியாத பொருள் பொதிந்ததாக மாறும் ஒரு மனநிலை நிலவுவதை அவர் சுட்டினார்.

அதை அடுத்த நிலைக்கு எடுத்துச் சென்றவர் கிளவுஸ் கொன்றாட். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மானியப் படைவீரர்களிடம் இந்நோயின் தொடக்கத்தைக் கண்ட அவர், 1958இல் ‘தொடங்கும் மனச்சிதைவு’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூல் வெளியிட்டார். முதற்கட்டத்திற்கு அவர் இட்ட பெயர் ‘ட்ரேமா’. மேடை ஏறுவதற்குமுன் நடிகருக்கு உண்டாகும் நடுக்கத்தைக் குறிக்கும் நாடகக்காரர் வழக்கு அது. திரை இன்னும் விலகவில்லை; ஏதோ நிகழப்போகிறது; எது என்று தெரியவில்லை. இதைவிடப் பொருத்தமான சொல்லை எந்த மருத்துவ அகராதியும் தந்திருக்க இயலாது.

1961இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ மெக்கீ, ஜேம்ஸ் சாப்மன் ஆகியோர் அண்மையில் நோயுற்றவர்களிடம் நீண்ட உரையாடல் நிகழ்த்தி, கவனத்திலும் புலனுணர்விலும் அவர்கள் உணர்ந்த மாற்றங்களைப் பதிவுசெய்தனர். வேண்டாதவற்றை வடிகட்டும் ஆற்றல் குன்றுவதே அப்பதிவுகளின் பொதுச்சரடு. தெருவின் இரைச்சல், எதிரிலிருப்பவர் பேச்சு, சுவரின் நிறம் யாவும் ஒரே விசையுடன் உள்ளே புகுகின்றன.

இவற்றை ஒரு முறையான கோட்பாடாக்கியவர் பான் நகரில் பணியாற்றிய கெர்ட் ஹூபர். அவரும் அவர்தம் குழுவினரும் 502 நோயாளிகளைச் சராசரியாக 22 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கண்டு, அதன் முடிவுகளை 1979இல் வெளியிட்டனர். நோயாளிகள் தாமே குறைபாடாக உணர்ந்து முறையிட்ட அனுபவங்கள், கடும் அறிகுறிகள் தோன்றுமுன்னும் அவை அடங்கிய பின்னும் காணப்பட்டன. நோயின் அடித்தளத்திற்கு மிக அணுக்கமானவை இவை, மாயக்குரலும் மருட்சியும் இவற்றின்மேல் எழும் கட்டடம் என்பது ஹூபரின் கருத்து. ‘அடிப்படை’ என்னும் அடைமொழி அதனால் வந்தது. 1987இல் இவற்றை மதிப்பிடும் பான் அளவுகோல் வெளிவந்தது.

அறிகுறிகளின் இயல்பு

இவ்வறிகுறிகளுள் மிகவும் நம்பத்தக்கவையாகப் பின்னாளில் தேர்ந்தெடுக்கப்பட்டவை ஒன்பது அறிவாற்றல் குறைபாடுகள். கடந்த 3 மாதங்களில் இவற்றுள் இரண்டேனும் இருத்தல் வேண்டும் என்பது அளவை. ஒன்பதையும் வரிசையாக அடுக்குவதைவிடச் சிலவற்றை ஊன்றி நோக்குவது பயன்தரும். கீழே வரும் கூற்றுகள் விளக்கத்தின்பொருட்டு இக்கட்டுரைக்காக அமைக்கப்பட்டவை. எந்த நோயாளியின் வாக்குமூலமும் அல்ல.

முதலாவது, எண்ண ஊடுருவல். படித்துக்கொண்டிருக்கும் பாடத்திற்குத் தொடர்பற்ற, தமக்கு எவ்வகையிலும் முக்கியமல்லாத எண்ணங்கள் குறுக்கிட்டுச் சிந்தனையைக் கலைக்கின்றன. ‘யாப்பிலக்கணம் படிக்கிறேன். நடுவே எப்போதோ பார்த்த ஒரு பேருந்தின் எண் வருகிறது. போகிறது. பிறகு ஒரு சோப்பு உறை. அவற்றில் எனக்கு எந்த அக்கறையும் இல்லை.’ கவலையால் வரும் சிதறலிலிருந்து இதனை வேறுபடுத்துவது இந்த ‘அக்கறையின்மை’. தங்கையின் திருமணக் கடனை நினைத்துப் பாடத்தில் மனம் பற்றாதவருக்கு நிகழ்வது வேறு. அவருடைய எண்ணம் அவரை வாட்டும் பொருளைச் சுற்றியே சுழல்கிறது.

எண்ண நெருக்கம் என்பது தொடர்பற்ற எண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விரைந்து மோதுதல். எண்ணத் தடை அதற்கு மறுதலை: சிந்தனையின் இழை திடுமென அறுந்து, வெறுமை நிற்கிறது. இதனைப் பலரும் ‘மறதி’ என்றே சொல்கின்றனர். மறதியில் ஒரு செய்தி கிடைக்காமற் போகிறது. இங்கோ நினைத்துக்கொண்டிருக்கும் நினைப்பே நின்றுவிடுகிறது.

மொழி சார்ந்தவை தமிழ்த்துறையினருக்குத் தனிக் கவனம் உரியன. ஏற்குமொழிக் குறைபாடு உற்றவர் எழுத்தைக் காண்கிறார். ஒவ்வொரு சொல்லையும் அறிகிறார். தொடரின் பொருள் மட்டும் கூடிவருவதில்லை. ‘ஒரே பத்தியை நான்கு முறை படித்தேன். எல்லாம் தெரிந்த சொற்கள். ஆனால் கற்களாகக் கிடக்கின்றன, சுவராகவில்லை.’ வெளிப்படுமொழியில், தாம் சொல்ல விழையும் பொருளுக்குரிய சொல் உடனே வாய்ப்பதில்லை, உரையாடலில் பின்தங்குகிறார், பிறகு பேசுவதையே குறைத்துக்கொள்கிறார். வெளியிலிருந்து நோக்குவார்க்கு அவர் ஒதுங்கிவிட்டார் என்று மட்டுமே தெரிகிறது. பழமொழி, உருவகம் முதலியவற்றின் உட்பொருளை எட்ட இயலாமையும் இவ்வொன்பதனுள் அடங்கும். கவிதை வகுப்பில் முதல்வராயிருந்த மாணவர் ஒருவர் திடீரென உரைக்குறிப்பை மட்டும் பற்றிக்கொள்வாரெனில், அதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணமும் இருக்கக்கூடும்.

கவனம் பகுக்க இயலாமை, அதாவது கேட்டுக்கொண்டே குறிப்பெடுக்க முடியாமை, இன்னொன்று. பார்வைப் புலத்திலுள்ள சிறு பொருளொன்றில் கண் சிக்கிக்கொண்டு விடுபட மறுத்தல் மற்றொன்று: ஆசிரியர் முகத்திலன்றி அவர் சட்டைப் பொத்தானில் பார்வை ஒட்டிக்கொள்கிறது.

இவ்வொன்பதற்கு அப்பாலும் அகவய மாற்றங்கள் பல. ஒலிகள் மிகுந்தோ குன்றியோ கேட்டல், நிறங்கள் மாறித் தெரிதல், பொருள்கள் சிறுத்தோ பெருத்தோ தோன்றுதல், பழகிய தெரு நாடகக் காட்சியமைப்புப் போலாதல் ஆகியன குறிப்பிடத்தக்கவை. படியிறங்குதல், பல் துலக்குதல் என உடல் தானே செய்துவந்தவற்றை இனி ஒவ்வோர் அசைவாக எண்ணிச் செய்ய வேண்டியிருக்கும். வொல்ஃப்காங் பிளாங்கன்பர்க் 1971இல் எழுதிய நூலில் இதன் ஆழத்தைத் தொட்டார். உலகம் எப்படி இயங்குகிறது என்பது பற்றி எவருக்கும் சொல்லித்தரப்படாத, ஆயினும் எல்லாருக்கும் தெரிந்த இயல்பான தெளிவு ஒன்று உண்டு. அதுவே இழக்கப்படுகிறது என்றார். பிறர் எண்ணாமல் செய்வதை எண்ணி எண்ணிச் செய்பவர் விரைவில் களைத்துப்போகிறார். வெளியே தெரிவது அந்தக் களைப்பு மட்டுமே.

‘போல’ என்னும் எல்லை

அடிப்படை அறிகுறிக்கும் நோயின் கடும் அறிகுறிக்கும் இடையிலுள்ள வேறுபாடு, அனுபவத்தின் உள்ளடக்கத்தைவிட அதனுடன் அனுபவிப்பவர் கொண்டுள்ள உறவில் அமைகிறது. அடிப்படை அறிகுறியில், ‘இது என் எண்ணம்தான், ஆனால் ஒழுங்காக ஓடவில்லை’ என அவர் அறிகிறார். கடும் நிலையில் ‘இந்த எண்ணத்தை யாரோ எனக்குள் வைத்தார்கள்’ என்கிறார். முன்னது பின்னதாக மாறும் படிநிலைகளை யோஆகிம் குளோஸ்டர்கோட்டர் 1988இல் எழுதிய நூலில் தடம்பற்றிக் காட்டினார்.

தமிழில் இவ்வெல்லை ஓர் இடைச்சொல்லில் புலப்படுவதைக் காணலாம். ‘நூலகத்திற்குள் நுழைந்ததும் எல்லாரும் என்னையே பார்ப்பது போல இருக்கிறது. அப்படி இல்லை என்று உடனே தெரிந்துவிடுகிறது.’ இக்கூற்றிலுள்ள ‘போல’ உவமைக்கு வரவில்லை; அனுபவத்திற்கும் நம்பிக்கைக்கும் இடையே ஓர் அடி தொலைவைக் காக்க வருகிறது. இது நிலையற்ற தற்சுட்டு எண்ணம் எனப்படும் அடிப்படை அறிகுறி. சில மாதங்களுக்குப் பின் அவரே ‘எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்’ என்றால், உதிர்ந்தது ஒரு சொல்லன்று. அந்தத் தொலைவே உதிர்ந்துவிட்டது. இரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் ‘பார்க்கிறார்களோ?’ என்னும் ஓகார ஐயமும் இடம்பெறலாம். கேட்பவர் இச்சிறு உருபுகளைத் தம் குறிப்பில் சுருக்கி எழுதிவிடக் கூடாது. ‘பிறர் தம்மைப் பார்ப்பதாகக் கூறுகிறார்’ என்று மூன்று நிலைகளையும் ஒரே வாக்கியமாக்குவது, நோயின் கட்டத்தையே அழித்து எழுதுவதாகும்.

தமிழில் வினவுதல்

அகவய அறிகுறிகளை மதிப்பிடும் கருவிகள் ஜெர்மன், ஆங்கிலம் முதலிய மொழிகளில் உருவானவை. டென்மார்க்கைச் சேர்ந்த யோசெஃப் பார்னாஸும் அவர் குழுவினரும் 2005இல் வெளியிட்ட தன்னனுபவ ஆய்வுக் கருவி, 57 கூறுகளை ஐந்து களங்களாகப் பகுக்கிறது. இத்தகைய கருவிகளின் வினாக்களைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ஓர் அடிப்படைச் சிக்கல் எழுகிறது. சிந்திப்பவரை எழுவாயாக்கி, எண்ணத்தை அவர் செய்யும் செயலாகக் கூறுவது அம்மொழிகளின் பெருவழக்கு. தமிழிலோ ‘எனக்கு ஓர் எண்ணம் வந்தது’, ‘எனக்குத் தோன்றியது’, ‘நினைவு வருகிறது’ என நான்காம் வேற்றுமையில் நின்று எண்ணத்தை வரவேற்பதும் நலமுடையோரின் இயல்பான வழக்கு. ‘எண்ணங்கள் தாமாக வருகின்றனவா?’ என்று வினவினால், ஆம் என்பதே தமிழ் பேசும் எவரும் தரக்கூடிய விடை. அவ்விடைக்கு மருத்துவப் பொருள் எதுவும் இல்லை.

ஆகவே வினா, இலக்கண அமைப்பைச் சாராமல் நிகழ்வைச் சாரவேண்டும். ‘ஒன்றைப் படிக்கும்போது, அதற்குச் சம்பந்தமே இல்லாத, உங்களுக்குக் கவலையும் தராத வேறு எண்ணங்கள் நடுவில் புகுந்து படிப்பை அறுக்கிறதா? முன்பு இப்படி இருந்ததுண்டா? எப்போதிலிருந்து?’ இதில் இரண்டாம் வினாவே இன்றியமையாதது. பிறவியிலிருந்தே கவனம் சிதறுபவருக்கு இது புதிதன்று. அடிப்படை அறிகுறியோ தம் முந்தைய இயல்பிலிருந்து விலகியதாக உணரப்படுவது. போதைப்பொருளின் விளைவாக மட்டும் தோன்றுவதும் இதனுள் அடங்காது.

கேட்பதிலும் கவனம் தேவை. ‘படிப்பு ஏறமாட்டேங்குது சார்’, ‘மூளை வேலை செய்யல’, ‘மனசு ஒரு மாதிரியா இருக்கு’ என்பனவே நம் மாணவர் வாயிலிருந்து வரக்கூடிய தொடர்கள். இவை ஆயிரம் காரணங்களுக்கு உரியவை. ‘ஏறமாட்டேங்குது’ என்பதை மட்டும் கேட்டு அறிவுரை வழங்கினால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். ‘எப்படி ஏறமாட்டேங்குது? எழுத்து மங்குதா, அர்த்தம் புரியலையா, நடுவில் வேறு ஏதாவது வருதா?’ என்று கேட்டால், தம் அனுபவத்தைப் பிரித்துச் சொல்லும் வாய்ப்பை அவர் முதன்முறையாகப் பெறுகிறார்.

நோயின் பெயர் குறித்தும் ஒன்று சொல்லவேண்டும். ‘சிதைவு’ என்னும் சொல்லில் மீட்சிக்கு இடமில்லை. பிளவுபட்ட மனம் எனப் பொருள்பட்ட தங்கள் பழைய பெயரை ஜப்பானியர் 2002இல் கைவிட்டு, ஒருங்கிணைவில் நேரும் குறைபாடு எனப் பொருள்படும் புதுப்பெயரை ஏற்றனர். தமிழிலும் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் இதனைச் சிந்திக்கலாம். இக்கட்டுரை வழக்கிலுள்ள சொல்லையே ஆள்வது தெளிவு கருதியே. அதனை இந்த எழுத்தாளர் விரும்பி ஏற்றதாகக் கொள்ள வேண்டா.

முன்னறிதலின் வரம்பு

இத்துறையில் அடிக்கடி சுட்டப்படும் சான்று, குளோஸ்டர்கோட்டர் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு. நோய் பற்றிய ஐயத்துடன் சிறப்பு மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்ட 160 பேரைச் சராசரியாக 9.6 ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆராய்ந்தனர். 79 பேருக்கு மனச்சிதைவு தோன்றியிருந்தது. முதற்பரிசோதனையில் அடிப்படை அறிகுறி ஒன்றேனும் இருந்தவர் 110 பேர். அவர்களுள் 77 பேர், அதாவது 70 விழுக்காட்டினர், நோயுற்றனர். அறிகுறி எதுவும் இல்லாத 50 பேருள் நோயுற்றவர் இருவரே.

இவ்வெண்களைப் படித்துவிட்டு வகுப்பறையில் அளவுகோலை விநியோகிக்க எவரேனும் முனைந்தால் பெரும் பிழை நேரும். அதைக் கணக்கிட்டே காட்டலாம். அவ்வாய்வில் நோயுற்றவருள் 98 விழுக்காட்டினரிடம் அறிகுறி முன்னரே இருந்தது. நோயுறாதவருள் 59 விழுக்காட்டினரிடமே அது இல்லை. 1,000 மாணவர் கொண்ட ஒரு கல்லூரியில் 10 பேருக்குப் பின்னாளில் நோய் வரும் என ஒரு பேச்சுக்குக் கொள்வோம். அந்த 10 பேரையும் அளவுகோல் ஏறத்தாழ முழுமையாகப் பிடித்துவிடும். ஆனால் நோய் வராத 990 பேருள் 41 விழுக்காட்டினரையும், அதாவது ஏறத்தாழ 406 பேரையும், சேர்த்தே பிடிக்கும். சுட்டப்பட்ட 416 பேருள் உண்மையில் நோயுறுபவர் 10 பேர். நூற்றுக்கு மூவர்கூட இல்லை. சிறப்பு மருத்துவமனையில் 70 விழுக்காடாக இருந்த அதே அளவுகோல் கல்லூரியில் 2.4 விழுக்காடாகச் சுருங்குகிறது. அளவுகோல் மாறவில்லை, அது வைக்கப்பட்ட இடம் மாறியது. உறக்கமின்மை, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றிலும் இவற்றை ஒத்த அனுபவங்கள் உண்டாவதே இதற்குக் காரணம்.

வேறொரு வழியில் அமைந்த முன்னறிதல் முறையும் உண்டு. 1990களில் மெல்பர்னில் பேட்ரிக் மெக்கோரி, அலிசன் யங் ஆகியோர் வகுத்த மிகு இடர்நிலை அளவைகள், மங்கலாகத் தோன்றத் தொடங்கிய கடும் அறிகுறிகளைக் கணக்கிடுகின்றன. 2012இல் வெளியான தொகுப்பாய்வின்படி, அந்நிலையில் உள்ளோருள் 3 ஆண்டுகளில் கடும் மனநோய்க்கு மாறியவர் 36 விழுக்காட்டினர். அதாவது பெரும்பான்மையோர் மாறவில்லை. நலிந்த நிலைக் கடும் மனநோய்க் குறித்தொகுதியை 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூல் முறையான நோயாக ஏற்கவில்லை. மேலும் ஆராயப்பட வேண்டியவற்றின் பட்டியலில் வைத்தது. ஐரோப்பிய மனநல மருத்துவச் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், இத்தகையோருக்கு மருந்தை முதற்படியாகக் கொள்ளாமல் சிந்தனை, நடத்தை சார்ந்த பேச்சுவழிச் சிகிச்சையை முன்வைக்கிறது.

ஆதலின் ஆசிரியர் நோயைக் கண்டறிபவர் ஆகார். பத்தொன்பது வயதினர் ஒருவரிடம் ‘உனக்கு மனச்சிதைவாக இருக்கலாம்’ என்று சொல்ல அவருக்கு எந்த உரிமையும் இல்லை. முன்பில்லாத மாற்றங்கள் வாரக்கணக்கில் நீடித்து, படிப்பையோ பழக்கத்தையோ குலைப்பதாக மாணவரே சொல்லும்போது, மனநல மருத்துவர் ஒருவரிடம் அவர் சென்று சேரத் துணைநிற்பதே செய்யத்தக்கது.

காலமும் கேட்கும் செவியும்

ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹைன்ஸ் ஹாஃப்னர் நடத்திய ஆய்வு, முதல் மாற்றம் தோன்றியது முதல் கடும் அறிகுறி வெளிப்படும்வரை சராசரியாக ஏறத்தாழ 5 ஆண்டுகள் கழிவதைக் காட்டியது. ஓர் இளைஞரின் பட்டப்படிப்பு முழுவதும் அதனுள் அடங்கிவிடும். கடும் அறிகுறி வெளிப்பட்ட பின்னும் சிகிச்சை தள்ளிப்போகும் காலம் நீளநீள, நலம்பெறும் வாய்ப்புக் குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் காணப்படுகிறது.

தமிழகத்தில் இந்நோய்க்கென உருவான முன்னோடி நிறுவனம், மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளை. மாவட்ட மனநலத் திட்டத்தின்வழி அரசு மருத்துவமனைகளிலும் உதவி பெறலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட ‘டெலி மனாஸ்’ என்னும் நடுவண் அரசின் தொலைபேசிச் சேவை, 14416 என்ற எண்ணில் தமிழிலும் இயங்குகிறது. ஆயினும் வாயில் திறந்திருப்பது மட்டும் போதுவதில்லை. நார்வே நாட்டின் ஸ்டாவாங்கர் பகுதியில் 1997 முதல் 2000 வரை, செய்தித்தாள்கள் வழியாகவும் பள்ளிகளில் ஆசிரியர்கள் வழியாகவும் தொடக்க அறிகுறிகளை விளக்கும் பரப்புரை நடைபெற்றது. எளிதில் அணுகத்தக்க கண்டறிகுழுவும் உடன் செயற்பட்டது. அங்குக் கடும் அறிகுறி தோன்றியதற்கும் சிகிச்சை தொடங்கியதற்கும் இடைப்பட்ட இடைநிலைக் காலம் 5 வாரங்கள். பரப்புரை நிகழாத பகுதிகளில் அது 16 வாரங்கள். பின்னர்ப் பரப்புரை நிறுத்தப்பட்டது. கண்டறிகுழு முன்போலவே தொடர்ந்தது. அதே ஸ்டாவாங்கரில் அக்காலம் 15 வாரங்களாயிற்று.